ரசம் போன கண்ணாடிக்கு ஒரு சட்டம்

குளியலறைக் கண்ணாடிக்குச் சட்டம் அடிக்கிற வேலையை நம் தொழிலில் யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. பூசை அறைக் கதவு செய்தவர் சொல்லிக்கொள்வார். கல்யாணக் கட்டில் செய்தவர் போட்டோ எடுத்து வைத்திருப்பார். நான் பாதி ஆயுசுக்கு மேல் செய்தது இந்தச் சட்டம்தான். மெஷின் வந்து இறங்குகிற பெட்டிகளைப் பிரித்தெடுத்த பேக்கிங் மரம், நாலு துண்டு, நாலு மூலை, இரண்டு கை பெயிண்ட். தேக்கு வாங்க முடியாதவர்களும், குளியலறைக்குத் தேக்கு எதற்கு என்று நினைக்கிறவர்களும் நம்மிடம் வருவார்கள்.

மரத்தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதால் வயதாவதற்கு முன்னமே பட்டறையை விட்டு நின்றுவிட்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லிப் பட்டறைக்காரர் கூப்பிட்டார். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தினாலும் எழுத்துக் கூட்டி எழுத வரும். அதனால் எழுதித் தருகிறேன்.

மூலையை எப்படிச் சேர்ப்பது, தண்ணீர் படுகிற பக்கத்தில் எத்தனை தடவை பெயிண்ட் அடிப்பது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் உங்கள் கைக்கே தெரிந்துவிடும். நான் சொல்ல நினைப்பது வேறு. வீட்டில் ஒரு மனுஷன் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாக நிற்கிற இடம் குளியலறை ஒன்றுதான். அந்த இடத்துக்குள் நாம் டேப்பை எடுத்துக்கொண்டு நுழைகிறோம். கண்ணாடியில் அங்கங்கே ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும். நம் பக்கத்தில் அது இல்லாத குளியலறைக் கண்ணாடியே கிடையாது. அளவெடுக்கும்போது நகத்தால் சுரண்டி எறிந்துவிடுவோம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், சூலூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போகிற வரைக்கும்.

விசைத்தறிக் கூடத்தை ஒட்டின வீடு. தறி ஓடுகிற நேரமெல்லாம் வீட்டுச் சுவர் லேசாக அதிர்ந்துகொண்டிருக்கும். அலமாரியில் இருக்கிற டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சன்னமாகச் சத்தம் போடும். கேட்டைத் திறக்கும்போதே ஒரு பெண் வாசலுக்கு வந்துவிட்டாள். பெங்களூரில் வேலை பார்க்கிற மகள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"ஏனுங், சட்டத்துக்கு வந்தவருங்ளா?"

"ஆமாங்க அம்மணி."

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா என்ன சொன்னாலும் செரின்னு தலையாட்டிருங்ணா. சட்டம் மட்டுமில்ல, கண்ணாடியவே மாத்தோணும். பழசை நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க. எங்கயாச்சும் வீசிருங்க."

உள்ளே கூடத்தில் ஓர் அம்மாளின் போட்டோ. மாலை இன்னும் பழசாகவில்லை. அதற்கு எதிரே நாற்காலியில் அந்த அம்மாளின் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். தறி முதலாளி. நல்ல உயரம், சவரம் செய்யாத முகம். தறிக் கூடத்தைப் பங்காளி பார்த்துக்கொள்கிறார், இவர் இப்போது அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டு வருவதோடு சரி.

"வாங்க. கண்ணாடி அங்கயே இருக்கட்டுமுங்க. சுத்தி ஒரு சட்டம் போட்டாப் போதும்."

"ஓரமெல்லாம் கருத்துப்போச்சுப்பா," என்றாள் மகள்.

"ஓரத்தைத்தான மறைக்கச் சொல்றேன். உனக்கு மூஞ்சி ஓரத்துலயா தெரியுது?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் பொதுவாகத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

பழைய கண்ணாடிதான். ரசம் போய், நாலு ஓரத்திலிருந்தும் கறுப்பு உள்ளே ஊர்ந்து வந்திருந்தது. நடுவில் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவுக்குள், கொஞ்சம் மேலே, மெரூன் நிறத்தில் மிளகு அளவுக்கு ஒரு பொட்டு. டேப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது என் முகம் தெரிந்தது. நான் குள்ளம். பொட்டு சரியாக என் நெற்றி நடுவில் வந்து நின்றது. பக்கத்துத் தறியின் அதிர்வில் கண்ணாடிக்குள் என் முகம் சன்னமாக நடுங்கிக்கொண்டிருந்தது. பொட்டு மட்டும் நடுங்கவில்லை.

வேலை செய்கிறபோது கண்ணாடியில் என் முகத்தைப் பார்ப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது. சுரண்டி எடுக்கலாம் என்று நகத்தை வைத்தேன்.

"அதை விட்டுருங்க."

கதவுக்கு வெளியே பெரியவர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"இன்னைக்கு வெச்சது," என்றார்.

நான் கையை எடுத்துக்கொண்டேன். கூடத்துப் போட்டோ ஞாபகத்துக்கு வந்தது. அவர் விருந்தாளிக்கு வீட்டு வழக்கத்தைச் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "நான் காத்தால தண்ணி வாத்துக்க வர்றதுக்கு முன்னாலயே வெச்சுப்போட்டுப் போயிர்றா. நான் வர்றப்ப இருக்குமுங்க."

நான் அளவை மனதில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டாம் முறை அளந்து சரிபார்க்கவில்லை. எந்த வேலையிலும் நான் அப்படிச் செய்ததில்லை.

கேட்டு வரைக்கும் மகள் கூடவே வந்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உள்ளே கேட்காதபடி பேசினாள்.

"சொன்னாருங்ளா?"

"சொன்னாருங்க."

"அம்மா ஆடில போனாங்க. கருமாதி முடிஞ்சன்னைக்கே அத்தை கண்ணாடில இருந்த பொட்டையெல்லாம் சொரண்டி எடுத்துப்போட்டாங்க. நானும் பெங்களூரு போயிட்டேன். இப்ப லீவு போட்டு வந்தா, தெனமும் ஒண்ணு இருக்குதுங்ணா. நான் உரிச்சு வீசறேன். மறுநா மறுபடியும் அதே எடத்துல."

"வேற யாராச்சும் வந்து போறாங்ளா?"

"ஊட்டுல நானும் அப்பாவுந்தான். அப்பா குளிச்சுட்டு வந்ததுக்கப்பறம் துணி அலசப் போனா இருக்குது. அவருதான் வெக்கறாரு. கேட்டா, உன்ற அம்மாதான்கறாரு. காப்பி ஆறிப்போச்சுன்னு சொல்றாப்பல சொல்றாருங்ணா. எனக்கு அந்தக் கண்ணாடியப் பாக்கவே முடியறதில்ல. உள்ள போனா தலையக் குனிஞ்சுட்டே குளிச்சுட்டு ஓடி வந்தர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்காரர் கார் எடுத்துக்கொண்டு வருகிறார். அப்பாவைப் பெங்களூருக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டி, அங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டைப் பூட்டிச் சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட வேண்டும். பெரியவர் வரமாட்டேன் என்கிறார். அம்மா வந்தால் யார் கதவு திறப்பது என்று கேட்கிறாராம்.

"அந்தக் கண்ணாடி போனாத்தாங்ணா அவரு கெளம்புவாரு," என்றாள். அழவில்லை. அழுது முடித்தவர்களின் குரல்.

தம்பிகளே, ஒரு வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாக வேலை சொல்வது நம் தொழிலில் தினமும் நடப்பது. புருஷன் வெள்ளை என்பார், மனைவி பழுப்பு என்பார். யார் கூப்பிட்டார்களோ அவர்கள் சொன்னதைச் செய்துவிட்டு வந்துவிடலாம். இங்கே கூப்பிட்டது மகள். ஆனால் அந்த வீடு அவருடையது, கண்ணாடியும் அவருடையது. ஒருவரிடம் தலையாட்டி, இன்னொருவரிடமும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

கடைசியில் கை ஒரு வழி கண்டுபிடித்தது. பழைய கண்ணாடியைக் கழற்றாமலே மேலே மாட்டலாம், அதே அளவில் புதுசு வைத்தாலும் உட்காரும், அப்படி ஒரு சட்டம் அடித்தேன். புதுக் கண்ணாடி ஒன்றையும் அளவுக்கு வெட்டி வாங்கி வைத்தேன். மனசு முடிவு செய்யாதபோது இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி வேலையைச் செய்துவிடுங்கள். மரம் கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

அந்த வேலை கையில் இருந்த நாட்களில் பட்டறையில் சுவரோரம் சாத்தி வைத்திருக்கிற கண்ணாடிகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நெற்றியைத் துடைத்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இழைத்துக்கொண்டிருந்தவர் வேர்வை என்று நினைத்து ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

கார் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில், சட்டத்தையும் புதுக் கண்ணாடியையும் செய்தித்தாளில் சுற்றி ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போனேன். தறிக் கூடத்து வாசலில் பெரியவர் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தோளில் துண்டு. இன்னும் குளிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கினார். வீட்டுக்குள் மகள் அப்போதுதான் குளித்துவிட்டுத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"அப்பா இன்னும் உள்ள போகலீங்ணா. அவரு வர்றதுக்குள்ள புதுசை மாட்டிருங்க."

குளியலறைக்குள் ஆவி நிறைந்திருந்தது. கண்ணாடி முழுக்க மூட்டம். நான் சட்டத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு நிமிர்ந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. விளக்கு அணைந்தது. தறிகளெல்லாம் ஒரே அடியாக நின்றன. அதுவரைக்கும் ஓயாமல் உரசிக்கொண்டிருந்த டம்ளர்கள் அமைதியாகிவிட்டன. சுவர் அதிர்வது நின்றதை உள்ளங்காலில் உணர முடிந்தது.

மேலே இருந்த சின்ன ஜன்னலிலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தது. மூட்டத்துக்குள் முகம் எதுவும் இல்லை. பொட்டு மட்டும் இருந்தது.

பெரியவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார். நான் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

பின்னால் மகள் வந்து நின்றாள். துணி வாளியை எடுக்க வந்திருப்பாள் போல. என் தோளுக்கு மேலாக அவளும் பார்த்தாள்.

"அப்பா இன்னும் உள்ளயே வரலீங்களே," என்றாள். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

"வெளிய உக்காந்திருக்காருங்க. பாத்துட்டுத்தான் வந்தேன்."

"அப்ப..."

அதுவரைக்கும் அவளுக்கு அது அப்பாவின் நோய். டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடக்கூடிய ஒன்று. இப்போது வீட்டில் அந்தப் பொட்டை வைக்க ஆளே இல்லை. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு சொன்னது நெசமுங்ளா?"

ஓடிவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. புதுக் கண்ணாடியை மாட்டிப் பழசை ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய்விட்டால் இரண்டு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். இந்த மாதிரி நேரத்தில்தான் கை அவசரப்படும். அவசரப்பட்டால் ஸ்க்ரூ மட்டுமில்லை, வேறு என்னென்னவோ கழன்றுவிடும். நான் ஒன்றும் செய்யாமல் சுவரோரம் ஒதுங்கினேன்.

அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். வந்த நாளிலிருந்து முகம் பார்க்காத கண்ணாடியை நேராகப் பார்த்தாள். கதவு திறந்திருந்ததால் மூட்டம் கீழேயிருந்து மெல்ல விலகியது. முதலில் கழுத்து, பிறகு வாய், பிறகு கண். அவள் முகம் முழுதாக வந்தபோது பொட்டு இரண்டு புருவத்துக்கும் நடுவில் அச்சாக உட்கார்ந்தது. நெற்றியிலேயே வைத்த மாதிரி அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அவள் பயந்த குரலில் ஒன்று சொன்னாள்:

"அம்மாவாட்டவே இருக்கறேன்."

நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்று அவளைப் பார்த்தேன். அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. நடுவில் பொட்டு உரித்த வட்டம் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது.

"அம்மணி, நெத்தியத் தொட்டுப் பாருங்க."

தொட்டாள். விரலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுபடி தொட்டாள். கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிக் கண்ணாடியில் இருந்த பொட்டைத் தொட்டாள்.

"நானுங்ளா?" என்றாள்.

பெங்களூரில் அவள் பொட்டே வைப்பதில்லையாம். இங்கே துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும், கட்டிக்குடுத்த புள்ள நெத்தி வெறுமையா இருக்கக்கூடாது கண்ணு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதனால் அலமாரியில் அம்மா வைத்துவிட்டுப் போன அட்டையிலிருந்து தினமும் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். முகம் கழுவும்போது கண்ணை மூடிக்கொண்டே உரித்து, பள்ளிக்கூடத்துக்குப் போகிற காலத்தில் அம்மாவைப் பார்த்துப் பழகின கை அதே இடத்தில் ஒட்டியிருக்கிறது. வெளியே வந்து புதுசு வைத்துக்கொள்வாள். பழசு எங்கே போனது என்று எந்தப் பெண்ணும் தேடமாட்டாள்.

அவள் குளியலறைச் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தாள். சிரிப்பு வேறு மாதிரி ஆகப் பார்த்தது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப அப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்ளா?"

அவளைச் சந்தோஷப்படுத்த ஒரு வார்த்தை போதும். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அது எனக்குத் தெரியாதுங்க. பொட்டை அவரு வெக்கலைங்கறது மட்டுந்தான் தெரியும்," என்றேன்.

கரண்ட் போனதால் தறிக் கூடத்து வாசலிலிருந்து பெரியவர் எழுந்து வந்துவிட்டார். இருட்டான குளியலறை வாசலில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து நின்றார்.

"என்ன கண்ணு?"

"அப்பா, அது நாந்தாம்ப்பா. நாந்தான் வெச்சிருக்கறேன். எனக்கே தெரியலை." நெற்றியைக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் முழுசாகக் கேட்டார். மறுத்துப் பேசவில்லை. மகள் தலையில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து தொங்கியதை எடுத்து அவள் தோளில் போட்டார்.

"செரி கண்ணு. நீ வெச்சது நீ வெச்சதாவே இருக்கட்டும்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா நீ பெங்களூர்ல இருந்தப்பவும் இருந்துச்சே."

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க சொல்லவே இல்லியேப்பா."

"நீ கேக்கலையே. வந்து பாத்துட்டுத்தான கேட்டே."

"அந்தப் பொட்டையெல்லாம் யாரு எடுத்தா? நான் எடுக்கலை. நீங்களும் எடுக்கலை."

"நான் எதுக்கு எடுக்கறேன்? அவளே எடுத்துக்குவா."

கரண்ட் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. கண்ணாடியில் எங்கள் மூன்று பேரின் முகமும் மறுபடி நடுங்கத் தொடங்கியது. நான் பார்வையைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டேன்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "இப்ப என்ன பண்றதுங்ணா?"

கண்ணாடியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் எனக்குச் சொல்லத் தெரிந்தது கண்ணாடியைப் பற்றி மட்டும்தான். "சட்டம் ரெண்டுக்கும் பொருந்துமுங்க. இப்ப இது மேலயே மாட்டிக் குடுத்தர்றேன். புதுக் கண்ணாடி பரண்ல கெடக்கட்டும். மாத்தறதுன்னா ஒரு போன் பண்ணுங்க, எப்ப வேணும்னாலும் வாரேன். இன்னைக்கே மாத்தோணும்னு ஒண்ணுமில்லீங்க."

அவள் தலையாட்டினாள். சட்டத்தை மாட்டினேன். ஓரத்துக் கறுப்பெல்லாம் மறைந்துவிட்டது. பொட்டுக்கு நான் கை வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். "இதுக்குப் போயி பயந்தீங்ளாக்கும்? நானும்தான் ஒட்டறேன். எப்ப ஒட்டறேன்னு கேட்டா எனக்கென்ன தெரியும்? நீங்க பல்லு வெளக்கறப்ப எத்தனை தரம் காறித் துப்பறீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" பெரியவர் கடைசியாகச் சொன்னதையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"நான் போயிட்டா நீங்க சொரண்டிப்போடுவீங்ளா?" என்றாள்.

பேச்சை மாற்றிவிட்டேன். அதற்கப்புறம் எந்த வீட்டிலும் நான் பொட்டைச் சுரண்டவில்லை. உங்களையும் அதுதான் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்காரர்கள் கையால் எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கவில்லை என்றால் சுற்றி வேலை செய்யுங்கள். முடியாது என்பதே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்து, மகள் மட்டும்தான் அதில் போனாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மழைக்காலம் முடிந்த சமயத்தில் அவளே போன் செய்தாள். சட்டத்தில் ஒரு மூலை பிரிந்து வருகிறது, அப்பா பார்த்துச் சொன்னார் என்றாள். பேக்கிங் மரம் ஈரத்துக்கு அப்படித்தான் செய்யும்.

"எப்படி இருக்காருங்க?"

"சித்தி மத்தியானம் சோறு குடுத்துட்டுப் பாத்துட்டுப் போறாங்க. கோயமுத்தூர்ல டாக்டர்கிட்டயும் காட்டுனேன். பயப்படறாப்பல ஒண்ணுமில்லைன்னாரு, ஆனா கவனிச்சுக்கோங்கன்னாரு. தெனமும் காத்தால எனக்குப் போன் பண்ணோணும், அந்தப் பேச்சுலதான் நான் அவரை அங்க உட்டுட்டு வந்தேன். பண்றாருங்ணா. இருக்குதுன்னு ஒரே சொல்லு. போனை வெச்சர்றாரு."

பிறகு கேட்டுக்கொண்டாள்: "நீங்க போறப்ப பாத்துச் சொல்லுங்ணா. அங்க ஒண்ணுமே இல்லாம அவரு இருக்குதுன்னு சொல்லிட்டிருந்தா, இனி தனியா உடக்கூடாதுங்ணா. நான் வந்து கூட்டிட்டு வந்தர்றேன்."

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் போனேன். பெரியவர்தான் கதவைத் திறந்தார். சவரம் செய்த முகம், துவைத்த சட்டை. பித்தான் வரிசை மாறாமல் போட்டிருந்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை, சிலிண்டர் மூடியிருந்தது. என்னென்ன பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. கண் தானாகப் பார்த்தது. எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். உப்பு சரியாக இருந்தது.

"எடது பக்கம் கீழ் மூலைங்க," என்றார். அந்த மூலைதான்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார். காலையில் குளித்த தரை காய்ந்து வெளுத்திருந்தது. சோப்புகூடக் காய்ந்து கிடந்தது. கண்ணாடி சுத்தமாக இருந்தது. மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தேன். ஒரு பொட்டுக்கூட இல்லை.

"இன்னைக்குக் கொஞ்சம் லேட்டுங்க," என்றார் பெரியவர் பின்னாலிருந்து. வெறும் கண்ணாடியில் ஓர் இடத்தைக் காட்டினார். "இப்பத்தான் வெச்சா. இன்னும் காயலை பாருங்க."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மகளுக்குப் போட்டார். "இருக்குது கண்ணு," என்றார். பிறகு, "சட்டக்காரர் வந்திருக்காரு. இந்தா பேசு," என்று என்னிடம் நீட்டினார்.

"அண்ணா," என்றாள் அவள். "இருக்குதுங்ளா?"

பெரியவர் கண்ணாடிக்குள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. வீட்டில் ஒரு சாமானைக் காட்டிவிட்டு, பார்த்தீர்களா என்று கேட்கிற பார்வை. இல்லை என்று சொன்னால் இந்த வீட்டுக்கு அடுத்த ஞாயிறு பூட்டு. இருக்குது என்று சொன்னால், அந்தப் பெண் என்னை நம்பி ஒரு மனுஷனைத் தனியாக விட்டுவைப்பாள்.

"அண்ணா?"

அவர் காட்டின இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்தேன்.

கண்ணாடி மற்ற இடத்திலெல்லாம் காய்ந்து, வெயிலில் கிடந்த தகரம் மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. அந்த ஒரு இடம் மட்டும் சில்லென்றிருந்தது. விரலை எடுத்துப் பார்த்தேன்.

"தொட்டுப் பாத்தேனுங்க அம்மணி," என்றேன். "ஈரமா இருக்குதுங்க."

அந்தப் பக்கம் பெங்களூர் வண்டிச் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் தறி ஓடியது.

"அப்பா எப்படி இருக்காரு?"

"சவரம் பண்ணியிருக்காரு. மோர் குடுத்தாரு. எந்த மூலை பிரிஞ்சுதுன்னு சொன்னாரோ அதேதான் பிரிஞ்சிருக்குது."

"செரிங்ணா," என்றாள். "அப்ப நான் இப்போதைக்கு வரலை. சட்டத்தை நல்லா இறுக்கிப் போட்டுருங்க. கண்ணாடியை மாத்தீராதீங்க."

போனைப் பெரியவரிடம் கொடுத்தேன். கை ஈரத்தோடு மரத்தில் பசை வைத்தால் பிடிக்காது என்பது உங்களுக்கே தெரியும். வேட்டியில் விரலைத் துடைத்தேன். ஒரு தடவையில் போகவில்லை. நன்றாகத் துடைத்துக் காயவிட்டுப் பிறகுதான் மூலையைப் பிரித்தேன்.